மஞ்சள் துணியில் ஒரு ரிஜெக்ட் ரூபாய்

குருபரப்பள்ளியில் வந்து நாராயணப்பன் வீடு எது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசையைக் காட்டுவார்கள். ரிஜெக்ட் நாராயணப்பன் என்று கேட்டால் டீக்கடை நாய்கூட எழுந்து முன்னால் நடக்கும். அந்தப் பெயர் ஓசூரில் நாங்கள் இருவரும் வேலை பார்க்கிற பிரஸ் ஷாப்பில் வைத்தது. நான் தகடு அடிப்பேன், அவர் சரிபார்ப்பார். கொஞ்சம் நகர்ந்து அடித்திருந்தாலும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டு, சிவப்புத் தொட்டியில் எறிந்துவிடுவார். என் கையால் அடித்து அவர் கையால் எறிந்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு லாரிக்கு பாடி கட்டலாம்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டில் எதைச் சேர்த்து வைக்கிறார் என்று நினைக்கிறீர்கள்? அதே ரிஜெக்ட்தான். நாணயம் சேர்க்கிறவர்கள் ராஜா காலத்துக் காசு, வெளிநாட்டுக் காசு என்று தேடுவார்கள். இவருக்குத் தப்பாக அடித்த காசு மட்டும்தான் வேண்டும். சிங்கத்துக்குப் பாதி முகம் இல்லாத எட்டணா, எழுத்து இரண்டு தடவை விழுந்த ஒரு ரூபாய், ஒரு பக்கம் மொட்டையாகவே வந்துவிட்ட இரண்டு ரூபாய். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பை வைத்த ஆல்பத்தில் போட்டு வைத்திருப்பார்.

"காசு அடிக்கிற எடத்துலயும் உன்ன மாதிரி ஒருத்தன் தூங்கிக்கிட்டே அடிச்சிருக்கான் பாரு மாதேஷு" என்பார் என்னிடம்.

அந்த ஆல்பத்தில் ராஜா என்றால் வெள்ளைக்காரன் காலத்து ராணி ரூபாய் ஒன்றுதான். கனமான வெள்ளி. ராணியின் தலை நடுவில் விழாமல் ஓரத்துக்கு நகர்ந்து, மூக்கு விளிம்போடு அறுபட்டிருக்கும். அந்தப் பக்கம் பிறை போல வெறும் வெள்ளி. சூளகிரி சந்தையில் பழைய பித்தளைப் பாத்திரம் விற்கிற ஆளிடம் வாங்கியது. அது உண்மையிலேயே அந்தக் காலத்தில் தவறி அடித்ததா, இல்லை எவனாவது பட்டறையில் உட்கார்ந்து தட்டியதா என்று அவருக்கு நிச்சயமில்லை. வாட்ஸ்அப்பில் காசுக்காரர்கள் குழுவில் படம் போட்டுக் கேட்டார். போட்டோவில் சொல்ல முடியாது, கையில் பிடித்தால்தான் சொல்ல முடியும் என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தை வைத்துக்கொண்டே வருஷக்கணக்கில் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வினை அவர் மகள் சுவேதா பிள்ளை உண்டாகியிருக்கும்போது வந்தது. அந்தப் பெண்ணுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. இரண்டாவது தடவை அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள். ஒரு நாள் சாயந்திரம் கால் இரண்டும் வீங்கி, முகம் ஊதி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் மனைவி மாதேஸ்வரிக்குக் கை கால் ஓடவில்லை. மலை மாதேஸ்வரனை வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்க ஓடினார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் மலைக்குப் போய் முடிச்சோடு உண்டியலில் போடுவது அவர்கள் வழக்கம். அதுவரைக்கும் யாரும் முடிச்சை அவிழ்க்கக் கூடாது.

ஆனால் வீட்டில் காசு ஏது? பால்காரன் முதல் பூக்காரி வரை எல்லோரும் போனில்தான் வாங்குகிறார்கள். டப்பா, பர்ஸ், சாமி மாடம் எங்கே தேடியும் ஒரு ரூபாய் அகப்படவில்லை. அந்த வீட்டில் காசு இருந்த இடம் ஒன்றுதான். சாமிக்கென்றால் பெரியதாக இருக்கட்டும் என்று அந்த அம்மா ஆல்பத்தில் இருந்த ராணியை உருவி முடிந்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த நாராயணப்பன் சாமி படத்து ஆணியில் தொங்கிய மஞ்சள் முடிச்சைப் பார்த்தார். பிறகு ஆல்பத்தில் காலியாக இருந்த பையைப் பார்த்தார். மறுநாள் கம்பெனியில் வந்து என்னிடம்தான் புலம்பினார்.

"வேற காசு மாத்தி முடிஞ்சிடறதுதானேண்ணா" என்றேன்.

"சாமிகிட்ட எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் கேக்கச் சொல்றியா?"

அவருக்குச் சாமி பயம் கொஞ்சம் அதிகம். மாதேஸ்வரி பயம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

இந்த நிலையில்தான் ஓசூரில் பாகலூர் ரோட்டு மண்டபத்தில் பெரிய நாணயக் கண்காட்சி என்று குழுவில் செய்தி வந்தது. பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர் வியாபாரிகள் எல்லாம் வருகிறார்கள். தப்படி காசு, அதாவது தப்பாக அடித்த காசுக்கென்றே ஒரு பெரியவர் வருகிறார், காசைக் கையில் வாங்கிய உடனே உண்மையா பொய்யா என்று சொல்லிவிடுவார் என்றார்கள். நாராயணப்பனுக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் பிள்ளை பிறந்தால் ராணி உண்டியலுக்குப் போய்விடுவாள். விற்க வேண்டும் என்ற ஆசை எல்லாம் அவருக்குக் கிடையாது. போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, தெரிந்த ஒருவர் வாயால், அது என்ன என்று கேட்டுவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வந்து பின்னால் உட்கார்ந்தார். ஒரு கையால் சட்டைப் பையை நெஞ்சோடு அமுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் காதருகில் சொன்னார்.

"அவ கொல்லையில துணி தொவைக்கறப்ப முடிச்ச அவுத்து எடுத்துட்டேன்டா. சாயந்திரம் வந்து மறுபடி முடிஞ்சிடலாம்."

"அதுவரைக்கும் முடிச்சு காலியாவா தொங்குது? அக்கா தொட்டுப் பாத்தா?"

"காலியா உடுவனா? நம்ம கிளட்ச் பிளேட்டு நடுவுல வெட்டி உழுவுமே வட்டம், அத போட்டு முடிஞ்சிட்டேன். கேலிப்பர்ல அளந்து பாத்தேன். அதே சைஸு."

"சாமிக்கு ஸ்கிராப்பா போட்ட?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வண்டி ஓசூர் போய்ச் சேரும் வரை அந்தக் கை பையை விட்டு இறங்கவே இல்லை.

மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போடுவதுபோல மேஜையாகப் போட்டு, மேலே கண்ணாடிப் பெட்டிகளாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியைச் சுற்றியும் கூட்டம். எல்லோரும் கண்ணில் லென்ஸை அமுக்கிக்கொண்டு பல்லி மாதிரி ஒட்டியிருந்தார்கள். நாராயணப்பன் எதிரில் வருகிறவனை எல்லாம் ஜேப்படிக்காரனாகப் பார்த்தார். முதுகில் யாராவது இடித்தால் திரும்பி ஒரு முறைப்பு. அவர் முறைத்ததில் ஒருவர் ரிட்டயர்டு தாசில்தார் என்று பிறகு தெரிந்தது.

தப்படி காசுகளுக்கு ஒரு தனி மேஜை. அதைப் பார்த்ததும்தான் மனிதர் கொஞ்சம் மூச்சு விட்டார். வெல்வெட் துணி மேல் ஒவ்வொரு கோணல் காசுக்கும் ஒரு பெயர்ச் சீட்டு, மேலே ஒரு சின்ன விளக்கு.

"நம்ம சிவப்புத் தொட்டிய தூக்கியாந்து இங்க கொலு வெச்சிருக்காங்கடா" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மேஜைக்காரர் ஹரீஷ்குமார் என்ற பெங்களூரு இளைஞர், நீலச் சட்டை போட்டிருந்தார். ராணியை வாங்கிப் புரட்டினார். சின்னத் தராசில் வைத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"வெயிட் கரெக்டா இருக்கு. எட்ஜும் நல்லா இருக்கு. ஆனா நான் சொல்லக் கூடாது சார், எங்க பெரியவர்தான் சொல்லணும். ஸ்வல்ப இரி, கொஞ்சம் இருங்க, காட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே காசை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நாராயணப்பன் கையை நீட்டியபடியே நின்றார். "எங்கடா எடுத்துக்கிட்டுப் போறான்?"

"மேஜை இங்கதானேண்ணா இருக்குது. வந்துடுவான்."

அப்போது அவர் போன் அடித்தது. கூட்டத்துச் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். மாதேஸ்வரி.

"ஏங்க, சுவேதாவுக்கு தல சுத்துது. கண்ணு மங்கலா தெரியுதுங்கறா. பக்கத்து வூட்டு சரசம்மா கார்ல கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

"நான் இதோ..."

"சாமி முடிச்ச எடுத்துக்கிட்டேன். அவ கையிலயே குடுத்துட்டேன். கெட்டியா புடிச்சிக்கிட்டு மாதேஸ்வரா மாதேஸ்வரான்னுதான் சொல்லிக்கிட்டு வரா. பயப்படாம வாங்க."

போன் நின்றுவிட்டது. பயப்படாமல் வாருங்கள் என்பதைக் கேட்ட மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"நாம அடிச்ச வட்டத்த எம் பொண்ணு சாமின்னு புடிச்சிக்கிட்டு இருக்கா மாதேஷு."

அந்த வட்டத்தை அடித்த கை என்னுடையது.

ஹரீஷ்குமாரைத் தேடினோம். மேடைக்குப் பின்னால் இல்லை. வாசலில் இல்லை. கழிவறைக் கதவை எல்லாம் நாராயணப்பன் தட்டினார். உள்ளே இருந்தவர்கள் சொன்னதை எழுத முடியாது. ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டவர்களாகவே கண்ணில் பட்டார்கள். நாராயணப்பன் ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "எங்காசு எங்க?" என்று கேட்டார். அவர் பயந்துபோய்த் தன் பர்ஸை இறுக்கிப் பிடித்தார். ராணியும் போய், முடிச்சும் பொய்யாகி, இனிமேல் சாமிக்குக் கொடுக்கவும் கையில் ஒன்றும் இல்லை என்ற நினைப்பு அவர் நடையிலேயே தெரிந்தது. மேஜைக்கு மேஜை முட்டிக்கொண்டு ஓடினார்.

கடைசியில் கீழே பந்தி நடக்கிற இடத்தில் கிடைத்தார்கள். இலைக்கு முன்னால் அந்தப் பெரியவர். பக்கத்தில் உறையைப் பிடித்துக்கொண்டு ஹரீஷ்குமார். பெரியவர் கையில் சாம்பார் சோறு. ஆனால் கண் உறை மேல்தான் இருந்தது.

"வாங்க, உங்களதா இது?" என்றார் பெரியவர். "இப்பிடி ஒண்ணு நான் பாத்து ரொம்ப நாளாச்சி. உக்காருங்க. கை கழுவிட்டு வந்து, உறையிலேந்து எடுத்துப் பாத்து சொல்லிடறேன்."

நாராயணப்பன் நின்றார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வருஷக்கணக்காகக் காத்திருந்த பதில் ஒரு குழாயடி தூரத்தில் இருந்தது.

"நீங்க கை கழுவுற நேரம் எனக்கு இல்லீங்க ஐயா" என்று சொல்லி, ஹரீஷ்குமார் விரலிலிருந்து உறையைப் பிடுங்கிக்கொண்டு படியேறினார்.

வண்டியை முறுக்கினேன். சானமாவு காட்டுப் பக்கம் வந்தால் ரோடு நின்றுவிட்டது. ராகிக் காட்டில் புகுந்த யானைகளை வனத்துறையினர் விரட்டிக்கொண்டு வந்து ரோட்டைக் கடக்க வைக்கிறார்களாம். பஸ், லாரி எல்லாம் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. ஆரன் அடிக்கக் கூடாது என்று ஒரு காவலர் கையைக் காட்டிக்கொண்டே நடந்தார். மற்ற நாளாக இருந்தால் நான் வேடிக்கை பார்த்திருப்பேன். அன்றைக்கு அந்த அமைதியே பயமாக இருந்தது.

நாராயணப்பன் மனைவிக்குப் போன் போட்டார். அடித்து நின்றது. மறுபடி போட்டார். அடித்து நின்றது.

"எடுக்க மாட்டேங்கறாளே. என்னாவோ ஆயிடிச்சி."

"ஆஸ்பத்திரியில போன பையில போட்டிருப்பாங்கண்ணா."

"முடிச்ச அவுத்தது நான். கேக்கறதா இருந்தா என்னையக் கேக்கட்டும். அவள ஏன்..."

முடிக்கவில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெரிய யானை ரோட்டில் கால் வைத்தது. அதன் பின்னால் குட்டியோடு இன்னொன்று. குட்டி நடு ரோட்டில் நின்று எங்கள் பக்கம் பார்த்தது. யாரும் மூச்சு விடவில்லை. நாராயணப்பன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

கிருஷ்ணகிரியில் ஆஸ்பத்திரி நடையில் மாதேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சுவேதாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வளையல், தாலி எல்லாம் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். முடிச்சும் அதோடு வந்து அந்த அம்மா கைக்குள் இருந்தது.

நாராயணப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அதுல காசு இல்ல மாதேஸ்வரி. காசு எங்கிட்ட இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னார். நான் தூண் பக்கம் ஒதுங்கினேன். ஆனாலும் காது இந்தப் பக்கம்தான் இருந்தது. கத்துவார், செருப்பு பறக்கும் என்று நினைத்தேன். அந்த அம்மா மெதுவாக முடிச்சை அவிழ்த்தார். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எங்கள் கம்பெனி வட்டம் எண்ணெய் மினுக்கோடு இருந்தது.

"கார்லயே துணி எண்ண நாறுச்சி. சாமி வெளக்கு எண்ண பட்டிருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"அத தூக்கிப் போட்டுடு. இந்தா, காசு."

"எப்பிடிங்க போடறது? இவ்வளவு நேரம் எம் பொண்ணு புடிச்சிக்கிட்டு கும்புட்டது இதத்தானே."

வட்டத்தின் மேலேயே ராணியையும் வைத்து, துணியை அவர் பக்கம் நீட்டினார்.

"அவுத்த கையால முடிங்க."

மைக்ரோமீட்டர் பிடிக்கிற கை. ஒரு முடிச்சுப் போட முடியாமல் வழுக்கி வழுக்கிப் போனது. ஒருவழியாக முடிந்ததும் மாதேஸ்வரி கேட்டார்.

"அது நெசமா, பொய்யா?"

"கேக்காமயே வந்துட்டேன்."

அந்த அம்மா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவர் எழுந்து உட்கார்ந்தார். கதவு திறக்கிற வரை முடிச்சின் மேல் அந்த அம்மா கை, அதன் மேல் இவர் கை.

பெண் குழந்தை. எடை குறைவு என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சுவேதாவுக்கு மயக்கம் தெளிய நேரமானது. இரண்டு பேரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள்.

குழந்தைக்குத் தலை நின்ற பிறகு எல்லோரும் மலைக்குப் போனோம். என்னையும் கூட்டிப்போனார்கள், வட்டம் அடித்தவன் என்ற முறையில். உண்டியலுக்கு முன்னால் நாராயணப்பன் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"என்னாண்ணா?"

"உண்டியல் எண்ணறவங்க இதுக்குள்ள பாத்தா ரெண்டையும் செல்லாதுன்னு தூக்கிப் போட்டுடுவாங்களாடா?"

"அங்கயும் ஒரு ரிஜெக்ட் நாராயணப்பன் இல்லாமயா போயிடுவாரு."

பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண் "ஹாக்ரி, ஹாக்ரி" என்று, சீக்கிரம் போடச் சொல்லிக் கன்னடத்தில் அவசரப்படுத்தினாள். மாதேஸ்வரி குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். நாராயணப்பன் போட்டார். போட்டுவிட்டு, கம்பெனியில் பீஸ் விழுகிற சத்தத்தைக் கேட்பதுபோல, உண்டியல் வாயில் காதைச் சாய்த்தார்.

துணியோடு விழுந்ததால் மெத்தென்று ஒரு சத்தம்தான் வந்தது. வெள்ளியா இரும்பா என்று அதில் தெரியவில்லை.