மெர்சி கேட்ட ஒரு நாள் ஓய்வு

திரேஸ்புரத்து மெர்சிக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தவன் நான். மாநில அணித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது, "சார், முழங்காலுக்குக் கீழ எலும்பு குத்துது. இன்னைக்கு மட்டும் ஓடாம இருக்கட்டுமா?" என்று கேட்டாள்.

உழைத்த உடம்புக்கு ஓய்வு கொடுப்பதுதான் பயிற்சியின் முதல் பாடம். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும், "வலிக்குப் பயந்தா வீட்டுலயே கெட, ஏளா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். ஐந்தாவது சுற்றில் கால் மடங்கி விழுந்தாள். ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த எலும்பு முறிந்துவிட்டது என்றார் மருத்துவர்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மா, "நீங்க என்ன செய்வீய சார், வலிக்குன்னு அவ ஒங்ககிட்ட சொல்லிருக்க மாட்டா" என்றார்.

மெர்சி என்னைக் காட்டிக்கொடுக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அதன்பின் அவள் ஓடவே இல்லை. அந்த அம்மா இன்றும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறார். உண்மையைச் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.