மண்டபத் தூணில் மச்சானின் பெயிண்ட்

என் மனைவியின் அண்ணனுக்கு, ஓய்வு பெற்ற மறுமாதமே வரலாறு பிடித்துக்கொண்டது. வேலையில் இருந்தவரை கோப்புகளைத் தூங்கவைத்தவர், இப்போது கல்வெட்டுகளை எழுப்பக் கிளம்பிவிட்டார். ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லம்பள்ளிப் பக்கம் கரட்டுக் குன்றின்மேல் இருக்கும் பழைய கல்மண்டபத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பைக் ஓட்ட ஆள் வேண்டும். அவர் பேசுவதைக் கேட்கவும் ஆள் வேண்டும்.

மண்டபத்துக்குள் ஒரு தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். சமணர்கள் போனபிறகு ஊர்க்காரர்கள் அவர் நெற்றியில் திருநீறு பூசி முனியப்பன் ஆக்கியிருக்கிறார்கள். மேற்குச் சுவரில், எப்போதோ தொழுகைக்கென்று குடைந்த மாடம். வாசல் நிலைக்கல்லில் சின்னதாக ஒரு சிலுவை. ஒரு பாதிரியார் அங்கே பள்ளிக்கூடம் நடத்தினாராம். வந்தவர்கள் யாரும் முந்தினவர் வைத்ததை உடைக்கவில்லை.

மச்சான் இதில் எதையும் நின்று பார்க்கவில்லை. "மொத்தமும் நம்ம முன்னோருங்க கட்டுனது மாப்ள. மத்ததெல்லாம் நடுவுல வந்து ஒட்டுனது."

"எப்படிச் சொல்றீங்க?"

"ரத்தத்துல தெரியும்."

அவர் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதுதான் எனக்குத் தெரியும்.

பிறகு பையிலிருந்து சிவப்பு பெயிண்ட் டப்பாவை எடுத்து, முன் தூணில் தன் குழுவின் பெயரை எழுத ஆரம்பித்தார். "வேண்டாங்க" என்று ஒரே ஒருமுறை சொன்னேன். பெண் கொடுத்த வீடு. அதற்குமேல் வாய் வரவில்லை.

அப்போது ஒரு பெண் மேலே ஏறி வந்தார். சர்ச்சில் பூசை முடிந்து, கழுத்தில் சிலுவையோடு, முனியப்பனுக்கு விளக்கேற்ற எண்ணெயும் துடைப்பமும் கொண்டுவந்தவர்.

"ஏனுங்க, உங்க வூட்டுச் செவுத்துல நான் வந்து எழுதட்டுங்களா?"

"நாங்க வரலாற்றுக் குழும்மா" என்றார் மச்சான்.

"எந்தக் குழுவா இருந்தா என்னங்க? அழிச்சுட்டு எறங்குங்க. இல்லீனா ஊர்க்காரங்களக் கூப்புடுவேன்." போனைக் கையில் எடுத்துவிட்டார்.

முன்னோர்களின் ரத்தம் அத்தோடு அடங்கியது. கீழே போய் என் பைக்கிலிருந்து பெட்ரோல் பிடித்து வந்தேன். மச்சான் தோள்துண்டை அதில் நனைத்துத் தூணைத் தேய்த்தார். விளக்கை ஏற்றாமல் தள்ளி நின்ற அந்தப் பெண், "அங்க இன்னும் செவப்பா இருக்குதுங்க" என்று மரியாதை குறையாமல் காட்டிக்கொண்டே இருந்தார். எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. கல் குடித்துவிட்டது. இடையில் மச்சான் கேட்டதால் ஒரு படமும் எடுத்தேன்.

மறுநாள் அந்தப் படம் குழுவில் வந்தது. துண்டும் கையுமாக மச்சான். கீழே, 'பாழடைந்த மண்டபத்தைச் சுத்தம் செய்தோம்.' அதற்கும் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். அவற்றில் ஒன்று நான் போட்டது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.