சண்முகவடிவு பார்த்த மூன்று விமான நிலையங்கள்

கொழும்பிலிருந்து ஊருக்கு வருகிறவர்களிடம் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் சேலையைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது ஏரோப்ளேன். 1956 ஆவணியில் தாழக்குடியில் ஒரு கல்யாண வீட்டுப் பின்கட்டில், காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சண்முகவடிவிடம் அதைத்தான் கேட்டார்கள். அந்த ஊரில் விமானம் ஏறிய ஒரே பெண் அவள். திருச்சியில் ஏறி, நடுவில் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கி ஏறி, கொழும்பு இரத்மலானையில் போய் இறங்கியவள்.

"மூணுல எது கொள்ளாம், எது பிடிச்சுது?" என்றாள் அவளுடைய சித்தி மகள் தாணம்மாள்.

"பலாலி."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"போடி! இரத்மலானைதான் பெருசு, மேல ஏறி நின்னு ப்ளேன் பாக்கதுக்கு எடம் உண்டும்னு எல்லாரும் சொல்லுகாவ. பலாலியில என்ன இருக்கு? பனமரமா?"

"பனமரந்தான். அங்க எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல."

"அப்போ பிடிக்காதது?"

"திருச்சி" என்று சொல்லிவிட்டு அவள் தடியங்காயைத் தன் பக்கம் இழுத்து நறுக்கத் தொடங்கினாள்.

நானும் அங்கே இருந்தேன். திருச்சியில் அது நடந்தபோது அவளோடு கூட இருந்தவள் நான்.

சண்முகவடிவு தாழக்குடியில் வயல் வைத்திருந்த ஒரு வெள்ளாளக் குடும்பத்தின் ஒரே மகள். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா கோமளவல்லி ஆள் வைத்துப் பயிர் செய்து மகளை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தாள். பத்தொன்பது வயதில் தாணப்பனுக்குக் கட்டிக் கொடுத்தாள். தாணப்பன் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தான். சண்முகவடிவு அங்கே இரண்டு வருஷம் இருந்து, தலைப்பிரசவத்துக்கு ஊருக்கு வந்தாள். பிரசவம் பார்த்தது நான். நான் அப்போது மிஷன் ஆஸ்பத்திரி வேலையை விட்டு, நாகர்கோவிலில் தனியாகப் பிரசவம் பார்ப்பதும் அம்மை குத்துவதுமாக இருந்தேன். குழந்தை ஆண். தாத்தா பெயரையே வைத்து சிவதாணு என்றார்கள்.

கொழும்பிலிருந்து வரும்போது அவள் கையில் இலங்கை அரசாங்கம் கொடுத்த ஒரு தாள் இருந்தது. 1953 ஜூன் முப்பதாம் தேதிக்குள் திரும்பி வந்து இறங்கினால்தான் அது செல்லும். ஒரு நாள் தாண்டினாலும் தாள் செத்தது. புதிதாக எழுதிப் போட்டு வாங்க வருஷக்கணக்கில் ஆகலாம், கிடைக்காமலே போகலாம். அப்படிப் புருஷன் அக்கரையிலும் பெண்டாட்டி இக்கரையிலுமாக நின்றுபோன குடும்பங்கள் எனக்கே நாலைந்து தெரியும்.

கப்பலில் போவதென்றால் நோய் இருக்கிறதா என்று பார்க்க மண்டபம் முகாமில் சில நாள் தங்க வைத்துத்தான் விடுவார்கள். விமானத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் குழந்தைக்கு அம்மை குத்திய சர்டிபிகேட் வேண்டும். முதல் முறை குத்துகிற குழந்தைக்குக் குத்தி எட்டு நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சர்டிபிகேட் செல்லும்.

தப்பு என் பக்கம். மே மாதக் கடைசியில் சிவதாணுவுக்குக் குத்தினேன். எடுக்கவில்லை, குத்திய இடம் பழுக்கவே இல்லை. மருந்தை ஐஸில் வைக்காமல் ஒரு பகல் முழுக்க ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன், வெயிலில் செத்துவிட்டது. புது மருந்து வந்து மறுபடி குத்தியபோது ஜூன் இருபது. தாணப்பன் டிக்கெட் எடுத்திருந்த விமானம் இருபத்தொன்பதாம் தேதி. அடுத்த விமானம் ஜூலையில். ஆக, அந்த ஒரு விமானம்தான்.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம் தாழக்குடிக்குப் போனேன். வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. உள்ளே குழந்தை காய்ச்சலோடு கிடந்தது. தலை முதல் கால் வரை மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசியிருந்தார்கள். அடுப்படியில் தாளிக்கிற வாசம் இல்லை.

"பாத்தியளா நர்சம்மா, அம்மன் வந்திருக்கா" என்றாள் கோமளவல்லி. குரலில் பயத்தோடு ஒரு மரியாதையும் இருந்தது.

கையைத் தூக்கிப் பார்த்தேன். நான் குத்திய இரண்டு இடங்களிலும் முத்து முத்தாகப் பழுத்து நின்றது. மருந்து எடுத்தால் ஏழெட்டு நாளில் அப்படித்தான் இருக்கும். காய்ச்சலும் அதனால்தான்.

"இது நான் குத்தினது. வேற எடத்துல ஒண்ணும் இல்ல."

"நீங்க குத்தினியோ. வந்தது யாரு? முத்தாரம்மன்தானே? அவ எறங்கி, தலைக்கு மூணு தண்ணி விட்ட பொறவுதான் பிள்ள நடையத் தாண்டணும். அதுவர ஒருத்தரும் எங்கயும் போகாண்டாம்."

"மூணு தண்ணி விடதுக்குள்ள ஜூலை வந்திரும். ஒம் மக இங்கதான் கெடப்பா."

"கெடக்கட்டும். உசிரோட கெடப்பா."

சண்முகவடிவு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, நான் பிள்ள மேல தண்ணி படாம கொண்டு போறேன். வேப்பில மாத்திரம் கூட வச்சுக்கிடுகேன். கொழும்புக்குப் போயி மூணு தண்ணியும் விடுகேன். இது சத்தியம்."

கோமளவல்லி சரி என்று தலையை ஆட்டினாள். நான் வாசலில் சண்முகவடிவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "மஞ்சளோட அங்க போய் நின்னா நம்மள உள்ள விடமாட்டாவ. திருநெல்வேலி ரயிலடியிலயே தொடச்சு எடுத்திரணும். கேட்டியா?" அவள் சரி என்றாள். என் தப்பால் வந்த அவசரம் என்பதால் நானும் கூடப் புறப்பட்டேன்.

மறுநாள் ஆரல்வாய்மொழி வழியாகப் பஸ். காற்று ஜன்னல் வழியே மண்ணை வாரி அடித்தது. அவள் குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டே வந்தாள். திருநெல்வேலியில் ரயில் ஏறுவதற்கு முன் குழாயடிக்குப் போய் வந்தாள்.

"தொடச்சியா?"

"தொடச்சாச்சு."

முகம் துடைத்திருந்தது. காதுவரை குல்லாவும் கழுத்துவரை சட்டையும் போட்டிருந்தாள். காய்ச்சல் பிள்ளையைக் காற்றில் அவிழ்த்துப் பார்க்க வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன். முப்பது வருஷம் நோயாளிகளோடு பழகியவள், பார்க்காமல் விட்டிருக்கக் கூடாது.

திருச்சி விமான நிலையத்துக்குக் காலை எட்டரை மணிக்கு ஜட்கா வண்டியில் போய் இறங்கினோம். பெரிய வெட்டவெளி, ஓரத்தில் ஒரு நீளக் கட்டடம். உள்ளே மின்விசிறி, பெஞ்சுகள், ஒரு மூலையில் ஆள் எடை பார்க்கிற இயந்திரம். பயணிகள் இருபது பேர் இருக்கலாம். பத்தேகாலுக்கு விமானம். சாமானை எடை போட்ட பிறகு ஆட்களையும் ஒவ்வொருவராக அதன்மேல் ஏற்றி நிறுத்தினார்கள்.

சண்முகவடிவு குழந்தையோடு ஏறினாள். முள் ஆடி நிற்பதற்குள் குழந்தை நெளிந்து காலை உதைத்தது. சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, அதற்குள்ளிருந்து ஒரு வேப்பிலைக் கொத்து தரையில் விழுந்தது. சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது. வயிறு முழுக்க மஞ்சள், காய்ந்து வெடித்துப்போய்.

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்கும் இதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டியதில்லை. எடை பார்த்த ஆள் இரண்டு அடி பின்னால் போனான். பெஞ்சில் இருந்த ஒரு செட்டியார் அம்மாள் எழுந்து, "அம்மை போட்ட பிள்ளையை ஏத்தப் போறாகளா? அப்ப நான் ஏற மாட்டேன்" என்று உரக்கச் சொன்னாள். ஒரு நிமிஷத்தில் எங்களைச் சுற்றி இடம் காலியானது.

சுகாதார டாக்டர் வந்தார். நடுவயது, ஒல்லி, கண்ணாடி. சர்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். தேதி சரியாக இருந்தது.

"குத்துனது யாரு?"

"நான்தான். இருபதாம் தேதி. இது ஒன்பதாம் நாள். அம்மை இல்ல, குத்தின இடம் பழுத்திருக்கு."

"உடம்பெல்லாம் மஞ்சளைப் பூசி வெச்சிருக்கீங்க. அடியில என்ன இருக்குன்னு நான் எப்படிம்மா பாக்கறது? வெந்நீர் தரச் சொல்றேன். கழுவிக் காட்டுங்க. பத்து மணிக்குள்ள. இல்லேன்னா குழந்தை ஊருக்கு வெளியில இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போகணும், நீங்க ரெண்டு பேரும் கூட."

நியாயமான பேச்சு. அவர் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மணி ஒன்பது நாற்பது.

பக்கத்து அறையில் ஒரு மேஜையும் அலுமினியக் குண்டானில் வெந்நீரும் வைத்தார்கள். நான் முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். சண்முகவடிவு குழந்தையை விடவில்லை.

"நர்சம்மா, தண்ணி படப்பிடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"தொடச்சாச்சுன்னு எங்கிட்ட சொன்னியே, அது என்னது?"

"மொகத்தத் தொடச்சேன்."

கோபம் வந்தது. அதற்கு நேரம் இல்லை. "கொண்டா இங்க. நீ அங்கிட்டுத் திரும்பி நில்லு. நான் ஊத்துகேன்."

"வேண்டாம்!" குழந்தையை இன்னும் இறுக்கினாள். அது வீறிட்டது. "நீங்க ஏசுவக் கும்பிடுக வேதக்காரி. நீங்க ஊத்தினா அவ ஒங்கள ஒண்ணும் செய்யமாட்டா. கோவத்தப் பிள்ள மேலதான் காட்டுவா."

நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினேன். ஒன்பது நாற்பத்தெட்டு. வெளியே சாமான் வண்டி உருண்டு போகிற சத்தம் கேட்டது.

"நான் ஊத்தினா?" என்றாள் திடீரென்று.

"என்னது?"

"பெத்தவ நானே ஊத்தினா, கோவம் எம் மேலதானே வரும்? பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்லா?"

அம்மனின் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அவள் கேட்டது கணக்கல்ல, ஒரு ஆள் ஆமாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"ஆமா" என்றேன்.

குழந்தையை மேஜைமேல் கிடத்தினாள். முதல் குவளைத் தண்ணீரில் பாதி தரையில் போயிற்று. "எனக்கு வரட்டும், எனக்கு வரட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள். மஞ்சள் தண்ணீர் மேஜையிலிருந்து வழிந்து என் செருப்பை நனைத்தது. பழுத்த இடத்தில் தண்ணீர் படாமல் நான் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது குவளையில் பிள்ளை தன் நிறத்துக்கு வந்தது.

டாக்டர் நிதானமாகப் பார்த்தார். நெற்றி, வாய்க்குள், உள்ளங்கை, உள்ளங்கால். ஒன்றும் இல்லை. தெர்மாமீட்டர் நூற்றொன்று காட்டியது.

"காய்ச்சல் இருக்கே."

"ஒன்பதாம் நாள் காய்ச்சல் இல்லைன்னாதான் எனக்குக் கவலை."

அவர் குழந்தையைக் குப்புறப் போட்டார். பின்கழுத்தில், முடி முடிகிற இடத்தில், சிவப்பாக மூன்று தடிப்பு. அவர் குனிந்தார்.

அப்போதுதான் என் மணிக்கட்டு அரித்தது நினைவுக்கு வந்தது. சேலைத் தலைப்பை ஒதுக்கி அவர் முன்னால் நீட்டினேன். அதே மாதிரி, வரிசையாக நாலு.

"ராத்திரி ரயில்ல வந்தோம் டாக்டர். மூட்டப்பூச்சி."

அவர் என் கையையும் குழந்தையின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். விரலால் அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த ரயிலா" என்று சொல்லிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். மணி பத்து ஐந்து.

ஈரக் குழந்தையை என் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். வேப்பிலை தரையிலேயே கிடந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. செட்டியார் அம்மாளிடம் டாக்டரே போய்ப் பேசினார். விமானத்தை நோக்கி நடக்கும்போது சண்முகவடிவு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் அதோடு முடிந்தது என்று என்னால் இருக்க முடியவில்லை. பலாலியிலோ இரத்மலானையிலோ இன்னொரு டாக்டர் காய்ச்சலைப் பார்த்துத் தடுக்கலாம். ஊருக்கு வந்து நேராகத் தாழக்குடிக்குப் போய்க் கோமளவல்லியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பொய் சொன்னால் பிறகு என் கையால் எந்தப் பிள்ளைக்கும் அவர்கள் அம்மை குத்த விடமாட்டார்கள்.

அவள் கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தண்ணிய விட்டுட்டாளா, பாவி மக" என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் தபால்கார ஐயப்பன் அதைப் படிக்க என்னிடம்தான் கொண்டுவந்தார். சேர்ந்தோம், பிள்ளை சுகம் என்று இருந்தது. முப்பதாம் தேதி போட்ட தந்தி. கோமளவல்லியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டாள். ஆடியில் முத்தாரம்மன் கோயிலில் பொங்கலிட்டாள். மகளுக்கு அந்த வருஷம் முழுக்க ஒரு கடிதம்கூட யாரிடமும் எழுதிப் போடச் சொல்லவில்லை.

பலாலியில் எல்லோரையும் கீழே இறக்கிக் கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம். சண்முகவடிவு ஒரு பனை நிழலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாளாம். ஒருவரும் கிட்டே வரவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. இரத்மலானையில் தாளைப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். தாணப்பன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

கல்யாண வீட்டில் சிவதாணுவுக்கு நாலு வயது. பந்தலில் ஓடிக்கொண்டிருந்தான். இடது கையில் இரண்டு வடு, நல்ல வட்டமாக. சண்முகவடிவுக்கு இப்போது மடியில் இன்னொன்று, பெண். கோமளவல்லி அதைக் கையில் வாங்கிக் கொஞ்சினாள். மகளோடு பேசினாள். அந்தத் தண்ணீரைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவளிடம் கேட்டேன். "எப்போ பொறப்பாடு? திருச்சிக்கு நான் வரணுமா?"

"வேண்டாம் நர்சம்மா. கப்பல்ல போறேன்."

"ரெண்டு பிள்ளையளோட மண்டபத்துல போய்க் கெடக்கப் போறியா?"

"கெடக்கேன். அங்க எத்தன நாளுன்னாலும் இருந்திருவேன். அந்த ரூமுக்குள்ள இன்னொரு தரம் கால் வைக்க முடியாது."

பெண்குழந்தைக்கு அம்மை குத்திவிடச் சொன்னாள். மருந்தை இந்த முறை ஐஸில் வைத்திருந்தேன். கப்பலுக்கு ஒரு மாதம் இருந்தது. மூன்று தண்ணீரும் விட நாள் போதும்.