துருவில் தெரிந்த கட்டைவிரல்

சென்ற ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று இருபது. செம்பவாங்கில் நான் வேலை செய்யும் பட்டறையில், கழுவிய எஃகுத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கலத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. என் மகளின் எண்.

அவள் என்னோடு பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது. படிப்பைப் பாதியில் நிறுத்தியதற்கு நான் கத்திய கத்தலில் தோ பாயோ வீட்டை விட்டுப் போய், குவீன்ஸ்டவுனில் தோழியோடு தங்கிவிட்டாள். பதறிக் கையுறையைக் கழற்றுவதற்குள் அதிர்வு நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. ஏதாவது ஆபத்தோ? அந்த நினைப்பிலேயே மிச்சமிருந்த துண்டை மாட்டிக் கதவை மூடினேன்.

மாலையில் தோழி, "நல்லாத்தான் இருக்கா அங்கிள்" என்று செய்தி அனுப்பினாள். மகளிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

துருப்பிடிக்காத எஃகு என்கிறோமே தவிர, கடல் உப்பு அதையும் அரிக்கும். அதனால்தான் காற்றை உறிஞ்சிய கலத்தில் நைட்ரஜனை மின்சாரத்தால் ஒளிரவைத்து, அந்தப் பிளாஸ்மாவில் எஃகின் மேல்தோலை வலுவாக்குகிறோம். அதற்கு முன் வெறும் விரல் படக்கூடாது; பட்ட இடம் வலுவாகாமல் துருப்பிடிக்கும். சுவரில் அதை எழுதி ஒட்டியவனே நான்தான்.

அடுத்த வாரம் உப்புநீர்ச் சோதனைப் பெட்டியைத் திறந்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் பளிச்சென்று இருந்தன. அந்த ஒன்றின் ஓரத்தில், பழுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

"யாரு லா இது, துருவுல கைநாட்டு வச்சது?" என்று சிரித்தார் மேற்பார்வையாளர்.

ரேகையின் குறுக்கே ஓடிய தழும்பு என்னுடையது.

"நான்தான் தம்பி."

"நீங்களாண்ணே?" என்றார்.

அந்தத் துண்டைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினேன். 'நீ கூப்பிட்டப்போ கையுறையைக் கழற்றினேன். திரும்பப் போட மறந்துட்டேன். ஞாயிறு காலை தேக்காவில் இருப்பேன்.'

முன்பெல்லாம் ஞாயிறுதோறும் தேக்கா சந்தையில் அப்பம் சாப்பிடுவோம். என் அப்பத்தின் முறுகல் ஓரம் எப்போதும் அவளுக்குத்தான். அந்த நான்கு மாதமும் நான் அதைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன்.

ஒருவருக்காக எவ்வளவு ஏங்குகிறோம் என்பது நாம் செய்யும் தவறில்தான் தெரியும் போலிருக்கிறது.

அந்த ஞாயிறு, எதிர் இருக்கையில் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்திருந்தேன். மூன்று பேர் கேட்டார்கள். ஆள் வருகிறார் என்றேன். நான்காவதாக வந்தவள் கேட்கவில்லை. பொட்டலத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, என் அப்பத்தின் முறுகல் ஓரத்தைப் பிய்த்தாள்.

"அன்னிக்குப் போன்ல தெரியாமத்தான் கை பட்டுச்சுப்பா. ஆனா, உடனே கட் பண்ணல."