செம்பருத்திக்கு விட்ட மண்

உங்களுக்கு எத்தனை வரை எண்ணத் தெரியும்? சிரிக்காதீர்கள். எனக்கு நாலு வரைதான் என்பது போன வாரம்தான் தெரிந்தது!

அக்காவுக்குக் காலில் ஆபரேஷன். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். அவளுக்காகப் பின்பக்க ரூமை ஒழித்து, வீல்சேர் உருள கேட்டிலிருந்து ரூம் வரை கான்கிரீட்டும் போட்டாயிற்று. ரூமுக்குக் கரண்ட் மட்டும் பாக்கி.

மேலே வயர் இழுத்தால் என்ன என்பீர்கள். செஞ்சியில் குடியிருந்து பாருங்கள்... கோட்டைக் குரங்குகள் இரண்டே நாளில் அதில் ஊஞ்சலாடிவிடும். அதனால் கான்கிரீட்டுக்கு முன்பே பூமிக்கடியில் பைப்.

பைப் புதைத்த அன்று எலக்ட்ரீஷியன் அருளப்பன் மேல்மலையனூரில் அமாவாசை லைட் வேலையில் மாட்டிக்கொண்டார். போனில்தான் சொன்னார்: "பைப் வளையுற பெண்டு மட்டும் எண்ணிக்கோங்க சார். நாலுக்கு மேல போச்சுன்னா நடுவுல ஒரு பாக்ஸ் வெச்சி, அங்கேருந்து திரும்ப இழுக்கணும். இல்லன்னா கேபிள் ஏறாது."

எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் பாறை. ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டு போனதில் பைப் நாலு இடத்தில் வளைந்தது. விரல் விட்டு எண்ணினேன். கரெக்டாக நாலு! தைரியமாக மூடி, மேலே கான்கிரீட் போட்டோம்.

வியாழக்கிழமை காலை அருளப்பன் வந்தார். ஸ்பிரிங் வயரை உள்ளே விட்டு, அதில் கேபிளைக் கட்டி இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீர் ஊற்றி, நானும் சேர்ந்து இழுத்தேன். ம்ஹூம்!

"எத்தினி பெண்டு சார்?"

"நாலுதான்."

"மீட்டர் பொட்டிலேருந்து கீழ எறங்குதே, அது?"

"அது... கண்ணு முன்னாடியே இருக்குதேப்பா!"

"ரூம்ல மேல ஏறுறது?"

மறுபடி விரல் விட்டேன். மொத்தம் ஆறு. மறுநாள் அக்கா வருகிறாள். கான்கிரீட்டை உடைத்தால் வீல்சேர் எதில் உருளும்? 'தம்பி வீடு இருக்கும்போது எனக்கென்ன கவலை' என்று வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அழுகையே வந்துவிட்டது.

காபியோடு வந்த மனைவி வசந்தா நிதானமாகக் கேட்டாள்: "செம்பருத்திகிட்ட ஒரு வளைவு இருக்குதுல்ல?"

அடடா! பாறை ஓரமாக ஒரு முழம் மண்ணை மூடாமல் விட்டே ஆகவேண்டும், செம்பருத்தி வைக்கணும் என்று கான்கிரீட் போட்ட அன்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். 'வீல்சேர் போற வழியில செடி ஒரு கேடா?' என்று கத்தியவன் நான். நல்லவேளை, அன்று தோற்றுப்போனேன்.

அருளப்பன் அங்கே தோண்டினார். அந்த வளைவை வெட்டியெடுத்து, அதே இடத்தில் பாக்ஸ் வைத்தார். "இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் ரெண்டு. இப்ப பாருங்க சார்." கேபிள் சரசரவென்று வந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

மண்ணுக்குள் மறைந்திருப்பதை எல்லாம் ஜாக்கிரதையாக எண்ணுகிறோம். கண்ணெதிரே இருப்பதை யார் எண்ணுகிறோம்? வளைவை மட்டும் சொல்லவில்லை. காபியோடு வந்து நின்றவளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். வீல்சேர் வழுக்கிக்கொண்டு போனது. ரூமில் ஃபேன் சுற்றியது. செடியருகே வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"இன்னா வசந்தா, செடிக்குள்ள ஒரு பொட்டி?"

"உங்க தம்பிக்கு நாலுக்கு மேல எண்ண வராதே அண்ணி... அதான் வெச்சிட்டோம்!"