முழந்தாளிட்டுப் பார்த்து வாங்கும் உள்ளுடுப்பு

1. கண்ணை மூடி அளந்தது

வேலைக்குப் போன முதல் நாள், கடைக்காரி சின்யோரா பினா என் கையில் அளவு நாடாவைத் தந்து, கண்ணாடிக்கு முன் நின்ற ஒரு பெண்ணின் மார்பைச் சுற்றி அளக்கச் சொன்னார். நான் “மாதாவே” என்று சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு அளந்தேன். “எத்தனை?” என்று அவர் கேட்டபோதுதான், அளக்கிறவள் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து ஒன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரு வயதான சின்யோராவை, அதாவது வீட்டுக்கார அம்மாவை, பார்த்துக்கொண்டேன். அவர் இறைவனிடம் போனபின், அவருக்கு உறவான பினா, “உனக்குக் கை சுத்தம், வாய் அடக்கம். என் கடைக்கு வா” என்று கூப்பிட்டார். கடை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. பெண்களின் உள்ளுடுப்பு மட்டுமே விற்கிற கடை. வேறொன்றும் இல்லை, முகம் துடைக்கிற ஒரு கைலேஞ்சிகூட இல்லை.

கோவிலில் நான் “உடுப்புக் கடை” என்றுதான் சொல்லிவைத்தேன். என் கணவர் சவரிமுத்து அதையும் சுருக்கி “கடை” என்றார். ஒரு ஞாயிறு பூசை முடிய, எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர் அவரை விடவில்லை.

“என்ன கடை அண்ணை?”

“உடுப்பு.”

“சாறியும் இருக்கோ?”

“சாறி இல்லை.”

“அப்ப சட்டையோ?”

“சட்டையும் இல்லை.”

“சாறியும் இல்லை, சட்டையும் இல்லையெண்டால் அது என்ன உடுப்பண்ணை?”

இவர் “பஸ் வருது” என்று சொல்லி ஏறிப் போய்விட்டார். அது எங்கள் பக்கம் போகும் பஸ் இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார்.

2. ஆடு மாதிரிக் குதிக்கிறதோ

சின்யோரா பினாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காலையில் கடை திறந்ததும் கல்லாப்பெட்டிக்கு மேலே இருக்கும் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா படத்தை முத்தமிடுவார். பிறகு என்னைப் பார்த்து, “பெண்கள் பொய் சொல்லுகிற இடம் ரெண்டு. ஒண்டு குருவிட்டைப் பாவம் சொல்லுற பாவசங்கீர்த்தனம், மற்றது இந்தக் கமெரினோ” என்பார். கமெரினோ என்றால் திரை போட்ட, உடுப்பு மாற்றிப் பார்க்கும் சிறு அறை. அவர் சொன்னது உண்மைதான். பதினொரு வருடத்தில் தன் அளவைச் சரியாகச் சொன்ன பெண் ஒருத்தியைத்தான் கண்டேன். அவள் தையல்காரி.

ஓடுகிற பெண்களும் ஜிம்முக்குப் போகிற பெண்களும்தான் எங்களிடம் அதிகம் வருவார்கள். அவர்களிடம் நான் படித்ததை இளம்பிள்ளைகளுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

பிராவின் கீழ்ப்பட்டிதான் பாரத்தைத் தாங்க வேண்டும், தோள்வார் இல்லை. பட்டிக்குள் இரண்டு விரல் போகலாம். முழுக்கை போனால் அது பிரா இல்லை, பை. தையல் தட்டையாக இருக்கவேண்டும். உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், விரலுக்கு உறுத்தினால் தோலுக்கும் உறுத்தும். பருத்தி வீட்டுக்கு நல்லது. வியர்க்க நடக்கும்போது அது தண்ணீரைக் குடித்துவிட்டு, ஈரச் சாக்கு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதனால் விளையாட்டு உடுப்பை வியர்வை சீக்கிரம் காயும் துணியில் எடுத்து, உள்காற்சட்டையென்றால் அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு துண்டுப் பருத்தி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

எங்கள் சனத்துக்கு வேறு பிரச்சினைகள். ஒன்று, தோய்க்கச் சுருங்கும் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது. மற்றது, வெட்கத்தில் கணவனை அனுப்புவது. ஒருவர் ஒரு சணல் கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். முதல் முடிச்சு இடுப்பு, இரண்டாவது தொடை. மூன்றாவது என்ன என்று கேட்டேன். “அது எனக்கும் மறந்துபோச்சு அக்கா” என்றார்.

பிறகு எங்கள் பெண்களுக்கு ஒவ்வொருவராகச் சீனி வருத்தம், நீரிழிவு, வந்தது. டாக்டர்மார் எல்லாரையும் நடக்கச் சொன்னார்கள். ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் பின்னேரங்களில் நம்மவர்கள் கூட்டமாக நடக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்தார்கள். வந்ததை வெட்கத்தில் ஒருவருக்கொருவர்கூடச் சொல்லமாட்டார்கள், அதனால் என் கடை விசயமும் கோவிலில் வெளிவரவில்லை.

பிரா சரியா என்று பார்க்கக் கமெரினோவில் குதிக்கவேண்டும். இத்தாலியப் பெண்கள் பலகை நடுங்கக் குதிப்பார்கள். எங்களவர்களிடம் சொன்னால், “குதிக்கிறதோ? நான் என்ன ஆடோ?” என்பார்கள். ஒருநாள் நான் யோசித்துச் சொன்னேன்: “சரி, குதிக்க வேண்டாம். பூசையில செய்யிறதை எல்லாம் ஒருக்காச் செய்யுங்கோ.”

அது பலித்தது. முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். கர்த்தர் கற்பித்த செபத்துக்குப் போல இரண்டு கையையும் விரிக்க வேண்டும். தலை குனிந்து வணங்க வேண்டும். பிறகு இன்னொருதரம் முழந்தாள். எழும்பியதும் கை தானாகப் போய் எங்காவது இழுத்துவிட்டால், அந்த உடுப்பு வேண்டாம். கை போகவில்லையென்றால் எடுக்கலாம்.

சின்யோரா பினா திரைக்கு வெளியே நின்று, “இது கடையா, கோவிலா?” என்று கேட்டார். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால், வங்கியில் வேலைசெய்யும் ஒரு சின்யோராவை அவரே முழந்தாளிட வைத்துக்கொண்டிருந்தார்.

3. செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா எங்கள் பங்கின் பாட்டுக்காரி. அவருடைய மகளுக்குப் பிள்ளைப்பேறு கடுமையாக இருந்தபோது, தாயும் பிள்ளையும் தப்பினால் மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியாவிடம் அடிமலையிலிருந்து நடந்தே வருவேன் என்று நேர்த்தி வைத்தார். இருவரும் தப்பினார்கள். புரட்டாதியில் எங்கள் பங்குச் சனம் மலை ஏறும்போது அவரும் ஏறினார். பாதி வழியில் ஒரு வளைவில் நின்றவர், ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போய், பஸ்ஸில் மேலே வந்தார்.

சனம் விடுமா. “நேர்த்தி வைச்சுப்போட்டு பஸ்ஸில போறதோ?” என்றார்கள். “விசுவாசம் காணாது, குறைவு” என்றும் ஒருவர் சொன்னார். அதன்பின் அக்கா முன்வரிசையில் நின்று பாடுவதை விட்டுவிட்டார். தூணுக்குப் பின்னால் நின்றார்.

அடுத்த ஆவணியில் ஒருநாள், தான் வேலைசெய்யும் வீட்டுச் சின்யோராவின் பைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்தார். நான் இரண்டு கையிலும் பிராவோடு நின்றேன். இருவரும் தெரியாதவர்கள் போல இருந்துவிட்டோம். மறுநாள் தனியாக வந்தார்.

“பிள்ளை, இதுதானோ உன்ர உடுப்புக் கடை?”

“ஓம் அக்கா. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.”

“நான் சொல்லமாட்டன். நான் சொல்லப்போறதையும் நீ சொல்லாதை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போன முறை எனக்கு விசுவாசம் காணாமல் போகேல்லை. துடை ரெண்டும் உரஞ்சித் தோல் போச்சு. நெருப்பு மாதிரி. இதைப் போய் ஃபாதரிட்டைச் சொல்லேலுமே?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஒரு வருடம் தூணுக்குப் பின்னால் நின்ற மனிசி.

“இந்த முறையும் ஏறாமல் விட்டால், நான் இனி அந்தக் கோவில் வாசல் மிதிக்கமாட்டன் பிள்ளை” என்றார்.

அளந்தேன், கண்ணைத் திறந்துதான். “பெருசாத் தா, காத்தோட்டமா இருக்கும்” என்றார். “பெருசெண்டால் சுருண்டு ஏறும் அக்கா, அதுதான் உரஞ்சும்” என்று சொல்லி, தொடை முழுதையும் மூடி முழங்காலுக்கு நாலு விரல் மேலே நிற்கும் உள்காற்சட்டை ஒன்றைக் கொடுத்தேன். தொடைக்கு நடுவில் தையலே இல்லாதது. முழந்தாளிட்டார், எழும்பினார், கை விரித்தார். கை எங்கும் போகவில்லை.

“வீட்டை கொண்டுபோய்த் தோய்ச்சு, ரெண்டு மூண்டு நாள் போட்டு நடந்து பாருங்கோ. மலையில முதல்முதல் போடக்கூடாது.”

“ஓமோம்” என்றார். ஓம் என்று ஒருதரம் சொன்னால் நம்பலாம். இரண்டுதரம் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

4. குடை வட்டம்

மலை ஏறும் ஞாயிறு காலை நல்ல வெயில். ஃபாதர் கையில் ஒலிபெருக்கியோடு முன்னால் செபமாலை சொல்லிக்கொண்டு போனார். பெண்கள் எல்லார் கையிலும் குடை. செல்வராணி அக்கா வெள்ளைச் சேலையும் ஓடுகிற சப்பாத்துமாகப் பாடிக்கொண்டு நடந்தார். நான் நிம்மதியாகப் பின்னால் வந்தேன்.

அதே வளைவில், போன வருடம் நின்ற அதே இடத்தில், பாட்டு நின்றது. அக்கா வீதியோரச் சிறு மதிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னக்கா?”

“உரஞ்சுது பிள்ளை.”

“உரஞ்ச வழியில்லையே. நான் தந்ததைப் போடேல்லையோ?”

“போட்டிருக்கிறன். இண்டைக்குத்தான் புதுசாப் போட்டனான். நேர்த்திக்குப் போற உடுப்பை முதலே போட்டுப் பழசாக்கிறதோ?”

“தோய்ச்சுப் பாக்கவும் இல்லை?”

“இல்லை.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கு உள்ளுக்கு என்ர பருத்தியும் போட்டிருக்கிறன்.”

“உள்ளுக்கோ? ஏனக்கா?”

“நீதானே கடையில சொன்னனீ, எங்கடை உள்ளுடுப்பைக் கழட்டாமல் அதுக்கு மேலதான் போடவேணுமெண்டு.”

நான் தலையில் கை வைத்தேன். கடையில் அப்படித்தான் சட்டம். யாராவது போட்டுப் பார்த்ததை இன்னொருத்தி வாங்குவாள், சுத்தம் வேண்டும், அதனால் தன்னுடையதற்கு மேலேதான் போட்டுப் பார்க்கவேண்டும். அதை நூறுதரம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் அப்படி இல்லை என்பதை ஒருவருக்கும் சொன்னதில்லை. பருத்தி நனைந்து, சுருண்டு, அந்த நல்ல உடுப்புக்குள் கயிறாகக் கிடந்தது. பிழை அவரில் இல்லை, என்னில்.

“கழட்டவேணும் அக்கா. இஞ்சையே.”

“சாந்தா ரொசாலியாவின்ர மலையிலயோ?”

“அவவும் பொம்பிளைதானே.”

நான் பெண்களைக் கூப்பிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. குடைகளைத் தாழ்த்தி வட்டமாக நில்லுங்கள், முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்கள் என்று மட்டும் சொன்னேன். எட்டுக் குடை. உள்ளே நானும் அக்காவும்.

முன்னால் போன ஃபாதர் திரும்பிப் பார்த்தார். யாரோ உருகிச் செபிக்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, முழுக் கூட்டத்தையும் நிறுத்தி, புனிதர்களின் மன்றாட்டு மாலையைத் தொடங்கிவிட்டார்.

“புனித சூசையப்பரே” என்றது ஒலிபெருக்கி.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றன குடைகள்.

“பிள்ளை, சப்பாத்தில கால் சிக்கிப்போச்சு.”

“என்ர தோளைப் பிடியுங்கோ. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

வெளியே ஒருவர் என் கணவரிடம் கேட்பது எனக்குக் கேட்டது. “உள்ளுக்கு என்ன நடக்குது அண்ணை?” இவர் குடைகளைப் பார்த்தார். பிறகு, “கடை விசயம்” என்றார்.

புனிதர்கள் முடிவதற்குள் நாங்கள் முடித்துவிட்டோம். சிவந்த இடத்தில் என் பையில் இருந்த வஸ்லீனைப் பூசி, உள்காற்சட்டையைத் திரும்பப் போட்டு, சேலையைச் சரிசெய்தார். ஈரப் பருத்தியைச் சுருட்டி நான் மெழுகுதிரிப் பையில் வைத்தேன். அக்கா எழும்பி இரண்டு அடி வைத்தார். நின்றார். இன்னும் நாலு அடி. பிறகு அடுத்த பாட்டை அவரே தொடங்கினார்.

மேலே குகைக் கோவிலில் எல்லாரும் முழந்தாளிட்டோம். எழும்பும்போது நான் பீடத்தைப் பார்க்கவில்லை, ஆண்டவர் மன்னிக்கவேண்டும். செல்வராணி அக்காவின் கையைத்தான் பார்த்தேன். அது கூப்பியபடியே இருந்தது. எங்கும் போகவில்லை. அந்தச் சந்தோசத்தில் மெழுகுதிரி கொளுத்தப் பைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது மெழுகுதிரி இல்லை.

5. திங்கள் காலை பூட்டு

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோவில் முற்றத்தில் பெண்கள் அக்காவைச் சுற்றி நின்றார்கள். போன வருடம் விசுவாசம் காணாது என்றவரும் நின்றார். அக்கா ஒளிக்கவில்லை.

“விசுவாசம் எனக்குப் போன வருசமும் இருந்தது. உள்ளுடுப்புத்தான் சரியில்லை. சவரிமுத்தற்றை மனிசி உள்ளுடுப்புக் கடையிலதான் நிக்கிறா. கூச்சப்படாமல் போய் அளவு குடுங்கோ.”

பெண்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். பஸ் வருகிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒருமுறை செருமிவிட்டு, எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

“திங்கள் காலமை கடை பூட்டு. பின்னேரம் போங்கோ.”

இந்த வேலையில் நான் படித்தது இதுதான். எங்கே உரஞ்சுகிறது என்று கேளுங்கள், அவர்கள் சொல்லும்வரை பொறுங்கள். உங்களுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரியும் என்று விட்டுவிடாதீர்கள். இப்போது ஒவ்வொரு பொதியையும் கொடுக்கும்போது நான் சொல்லுகிறேன்: “கடையில மேலால, வீட்டில தனிய.” சிலர் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். பரவாயில்லை.