கூடாரத்துக்கு ஒரு பூட்டு

ஜெர்மனியில், ஆகஸ்ட் மாதம் எங்கே படுத்துத் தூங்கப் போகிறோம் என்பதை ஜனவரியிலேயே சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறேன், இது மட்டும் இன்னும் பழகவில்லை. இங்கே நீங்கள் பொங்கல் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில், அங்கே அலுவலகத்தில் விடுமுறைப் பட்டியல் சுற்றுக்கு வந்துவிடும். அடுத்த வாரம் என்ன குழம்பு என்றே தெரியாத நான், ஏழு மாதம் தள்ளி எந்தெந்த நாளில் சந்தோஷமாக இருக்கப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருடம் பிள்ளைகள் பிடிவாதமாக ஓர் இடத்தைச் சொன்னார்கள். பெரிய கேளிக்கைப் பூங்கா. ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்குகள் எல்லாம் உண்டு. அதன் வேலியை ஒட்டியே கூடாரம் போட ஒரு திடல். பகலெல்லாம் பூங்கா, ராத்திரி கூடாரம். ஒரு கூடாரத்துக்கான இடத்தை அங்கே ‘ஷ்டெல்பிளாட்ஸ்’ என்பார்கள். அதற்கு ஒரு படிவம். கார் எண், கூடாரத்தின் நீள அகலம், எத்தனை மணிக்கு வந்து சேருவீர்கள், ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் போட மாட்டீர்கள்தானே, இப்படிப் போனது. கடைசியில், படுக்கப் போகிறவர்களின் பெயரும் பிறந்த தேதியும். ஆறு பேர் வரை. என் பெயர், கணவர் பிரபுவின் பெயர், மகள், மகன், தாம்பரத்திலிருந்து அப்பா என்று வேகமாக எழுதிவிட்டேன். ஆறாவதாக அக்காவின் பெயரை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் நின்றது. ஏனென்றால் எங்கள் அக்கா டூர் என்று எங்கேயும் வந்ததில்லை.

அக்கா பெயர் கிரேஸ். என்னைவிட ஏழு வயது மூத்தவள். கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருவில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில், அப்பாவோடு இருக்கிறாள். கணக்கு டீச்சராக இருந்தவள், அம்மா போனதற்குப் பிறகு அப்பாவைத் தனியாக விட முடியாதென்று வேலையை விட்டுவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. வந்த இடமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போயிற்று என்று சர்ச்சில் கேட்பவர்களிடம் சொல்வோம். நாங்கள் யாரும் சரியாக முயற்சி எடுக்கவில்லை என்பதுதான் உண்மை. அவள் இருந்தது எங்கள் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருவில் அப்போது நான்கே வீடுகள். மற்றதெல்லாம் முள்செடி மண்டிய மனைகள். ஒரு கோடையில் சொந்தக்காரர் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு திருநெல்வேலி போய்விட்டு, ஐந்தாம் நாள் காலையில் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வந்து பார்த்தால், வீடு வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பித்தளைப் பாத்திரங்கள், இரண்டு ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் போய்விட்டன. கிணற்று ராட்டினத்தைக்கூட விடவில்லை. அன்றைக்கே அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் கையளவு பித்தளைப் பூட்டொன்று வாங்கி கேட்டில் மாட்டினார். அம்மாவுக்குப் பூட்டில் நம்பிக்கை வரவில்லை. இனிமேல் எங்கே போவதாக இருந்தாலும் வீட்டில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டாள். அடுத்த வருடம் சர்ச்சிலிருந்து பஸ் வைத்துக் கடற்கரைச் சாலையிலிருந்த ஒரு பூங்காவுக்கு எல்லோரையும் அழைத்துப் போனார்கள். நாலு பேருக்கும் பெயர் கொடுத்திருந்தோம். பஸ் கிளம்பும் நேரத்தில்தான் வீட்டுக்கு யார் என்ற பேச்சு வந்தது. அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினாறு வயது அக்கா, போட்டிருந்த புதுச் செருப்பைக் கழற்றினாள். ‘நீங்க போய்ட்டு வாங்க. நான் இருக்கேன்’ என்றாள். நான் அழவுமில்லை, அவளும் வரட்டும் என்று கேட்கவுமில்லை. ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷம் எனக்கு. திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி வாங்கி வந்தோம். அதைப் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வற்றல் காயவைத்தாள். அதிலிருந்து ஊட்டியோ வேளாங்கண்ணியோ, யாரும் அவளைக் கேட்பதில்லை, அவளும் காத்திருப்பதில்லை. எங்கள் வீட்டு டூர் போட்டோக்கள் எதிலும் அக்கா இருக்க மாட்டாள்.

நான் ஜெர்மனி போனதும் அந்தக் கணக்கில்தான். அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு விசா வந்தது. விமான நிலையத்தில் அக்கா சொன்னதும் அதே வார்த்தைதான். நீ போ, நான் இருக்கேன். ஆகையால் இந்த முறை அவளை வர வைத்தே தீருவது என்று ஜனவரியில் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரியில் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். விமானப் பயணமெல்லாம் இந்த வருடம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. கேம்ப் ரோட்டில் குடியிருப்பவனுக்குக் கேம்புக்கு வேறு போக வேண்டுமா என்று என்னையே கிண்டல் செய்தார். அக்காவிடம் போனைக் கொடுத்தார். அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியும். சொன்னாள். ஏஜென்சியில் நல்ல நர்சாகப் பார்த்து ஏற்பாடு செய்யலாம் என்று பிரபு எவ்வளவோ எடுத்துச் சொன்னார். முன்பின் தெரியாத ஆளிடம் அப்பாவையும் விட்டு வீட்டையும் விட்டு வர முடியாது என்றாள். அவள் குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் பகல் முழுக்க அலுவலகத்தில் மாரடித்துவிட்டு, டிராமில் நின்றுகொண்டே வந்து, அரிசி களைந்துகொண்டிருந்த நேரம். களைப்பில்தான் அந்த வார்த்தை வந்தது, யோசித்து வரவில்லை.

‘அப்ப நான் வந்து இருக்கேன். நீ போ.’

அக்கா கேட்டாள். ‘உன் பிள்ளைங்களோட நான் போய் என்னடி பண்ணுவேன்?’

வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை என்பதை நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பூங்காவின் முன்பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி நிதானமானவர். ஆறு பேரில் ஒருவர் வரவில்லை, இன்னொருவருடைய பெயரை எடுக்க வேண்டும் என்றேன். யாருடையது என்றார். என்னுடையது என்றேன். உங்கள் கணவர் வருகிறாரா என்றார். வருகிறார், பிள்ளைகளும் வருகிறார்கள், கூட ஒரு பெண் வருகிறாள், அவள் பெயர்தான் ஏற்கெனவே பட்டியலில் ஆறாவதாக இருக்கிறதே, கிரேஸ், என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார். மெதுவாக, உங்களுக்காக வருந்துகிறேன் என்றார். எனக்குச் சட்டென்று புரிந்து, ஐயோ, அப்படியில்லை, அவள் என் சொந்த அக்கா என்றேன். அதற்குப் பிறகு அவர் இன்னும் அதிகமாக வருந்தினார். வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதை எந்த மொழியில் விளக்குவது? அவருக்குச் சாவியும் காப்பீடும் தெரியும். ஆள் என்றால் தெரியாது. இரக்கப்பட்டு, பெயர் மாற்றும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார். பிரபுவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

விசா இன்னொரு கூத்து. திரும்பி ஊருக்கு வந்துவிடுவாள் என்பதற்கு அக்கா ஆதாரம் காட்ட வேண்டுமாம். வேலை இல்லை, கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. எதற்காகத் திரும்பி வருவாள் என்பது அவர்கள் கேள்வி. பதினாறு வயதிலிருந்து ஐம்பத்து நான்கு வரை வீட்டைக் காத்துக்கொண்டிருந்தவளிடம் இதைக் கேட்டார்கள். வீட்டுப் பத்திரத்தின் நகலையும் அப்பாவின் டாக்டர் கடிதத்தையும் வைத்தோம். அவளைக் கட்டிப்போட்ட இரண்டும்தான் அவளை வெளியே அனுப்பி வைத்தன.

விசா வந்ததற்குப் பிறகு, தினமும் அக்காவிடமிருந்து ஒரு கேள்வி வரும். கூடாரத்திலிருந்து பாத்ரூம் எவ்வளவு தூரம்? நைட்டியோடு அவ்வளவு தூரம் நடந்தால் யாராவது ஏதாவது நினைப்பார்களா? வாளி, மக் இருக்குமா? கீழே விரிக்க ஜமுக்காளம் கொண்டு வரட்டுமா? ஒரு நாள், கூடாரத்துக்குப் பூட்டு உண்டா என்று கேட்டாள். துணிக்கு எப்படிப் பூட்டு, ஜிப்தான் என்றேன். எல்லோரும் பூங்காவுக்குப் போய்விட்டால் சாமானெல்லாம்? அவளுடைய மன நிம்மதிக்காக அந்தப் பெண்மணியிடமே மறுபடி கேட்டேன். ‘பை உன்ஸ் கொம்ட் நிஷ்ட்ஸ் வெக்’ என்றார். எங்களிடத்தில் எதுவும் காணாமல் போகாது என்று அர்த்தம். அக்காவிடம் சொன்னேன். சரி என்றாள். அவள் சரி என்று சொன்ன விதத்திலேயே, நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூலைக் கடைசியில் நான் தாம்பரம் வந்தேன். நான்கு நாள் எனக்குப் பாடம் எடுத்தாள். சம்ப் மோட்டாரை எப்போது போடுவது, லாரித் தண்ணீர் வரும் நாள், அப்பாவின் மாத்திரை டப்பாவில் எந்தக் கட்டம் எந்த வேளை. கணக்கு டீச்சர், கரும்பலகை ஒன்றுதான் குறை. நானோ பிறந்த வீட்டில் சர்க்கரை எங்கே, தீப்பெட்டி எங்கே என்று விருந்தாளி மாதிரி கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அவள் கிளம்பினாள். காரில் ஏறியவள் இரண்டு தடவை இறங்கி வந்தாள், கேஸை மூடினேனா என்று பார்க்க. மூன்றாவது தடவை நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் போனதற்குப் பிறகுதான் இந்த வீட்டின் நீளம் தெரிந்தது. அப்பாவைக் குளிப்பாட்டி, இட்லி கொடுத்து, பிசியோதெரபிக்கு ஆள் வந்து போய், நிமிர்ந்தால் பதினொன்றாகிவிடும். அம்மன் கோவில் ஒலிபெருக்கியில் ஆடி மாதப் பாட்டு. அதற்கு மேலே விமானப்படை விமானம். கடைவீதி வரை போய் வரலாம் என்றால் அப்பாவைத் தனியாக விட முடியாது. கீரை கொண்டுவரும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘இன்னாமா, டீச்சரு இல்லியா? வூட்ட வுட்டு நகராதே அது’ என்றாள். வெளிநாடு போயிருக்கிறாள் என்றேன். கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்கு முதுகு வலித்தது. அவள் திரும்பி வரும் வரை எட்டே நாள், அதற்கே இப்படி என்றால் என்று நினைப்பு போகும். அதற்கு மேல் போக விடாமல் துணி துவைக்கப் போய்விடுவேன்.

நேற்று மதியம், அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், வீடியோ கால் வந்தது. அங்கே காலை பத்து மணி. பூங்கா திறந்துவிட்டது, எல்லோரும் கிளம்பி நின்றார்கள். அக்கா சுடிதார் போட்டு, என் மகளின் தொப்பியை வைத்திருந்தாள். முந்தின நாள் தண்ணீர்ச் சறுக்கில் மூன்று தடவை போனாளாம். ‘கண்ணாடி தண்ணியோட போயிடுச்சுடி. போனா போகுது’ என்றாள். போனால் போகிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சிக்னல் சரியில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்குள் மகன் போனைப் பிடுங்கி, அம்மா இதைப் பாரேன் என்று கூடாரத்தின் பக்கம் காட்டினான். பக்கத்துக் கூடாரத்து ஜெர்மன்காரர் ஒருவர் காபிக் கோப்பையோடு குனிந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜிப்பின் இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பாவாடை நாடாவால் முடிச்சுப் போட்டு, அந்த நாடாவில் கையளவு பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது. ஒரு கத்தரிக்கோல் போதும், ஏன், கூடாரத்தையே கிழித்துவிடலாம். பூட்டு மட்டும் கம்பீரமாக இருந்தது.

எனக்கு அந்தப் பூட்டைத் தெரியும். ‘அக்கா, இது நம்ம கேட் பூட்டுதானே?’ என்றேன்.

‘ஆமா. வீட்லதான் நீ இருக்கியே,’ என்றாள் அக்கா. ‘ஆள் இருக்கறப்ப பூட்டு எதுக்கு?’

சாதாரணமாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டத் தெரியாதவள். நேரமாகிவிட்டது, கூட்டம் சேர்ந்துவிடும் என்று பிள்ளைகள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் பிரபு ஒரு போட்டோ அனுப்பினார். ராட்டினத்துக்கு முன்னால் நான்கு பேர். நடுவில் அக்கா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. நான் அதில் இல்லை. ஒரு நிமிடம் அது எனக்கு உறைத்தது, பொய் சொல்வானேன்.

எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். கேட்டில் சங்கிலி மட்டும் தொங்கியது. நான்கு நாளாக நான் அதைக் கவனிக்கவே இல்லை. உள்ளே வந்து சாவிகள் மாட்டும் ஆணியைப் பார்த்தேன். பித்தளைப் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை எடுத்துப் போயிருக்கிறாள், இன்னொன்று அங்கேயே இருந்தது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், என் பிள்ளைகள் படுக்கும் கூடாரத்தின் சாவி, கேம்ப் ரோட்டு வீட்டின் ஆணியில் தொங்குகிறது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினேன்.

உள்ளறையிலிருந்து வாக்கர் நகரும் சத்தம் கேட்டது. தூக்கக் கலக்கத்தில் அப்பா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று குரல் கொடுத்தார்.

‘நீங்க படுங்கப்பா,’ என்றேன். ‘நான் இருக்கேன்.’